‘அப்பா தெளிவா இருக்கிற நேரமாப் பார்த்து கையெழுத்து வாங்கிடலாமா?’

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவிலிருந்து ஒரு சகோதரி, வக்கீலான எனக்கு நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 49. கணவர் இறந்தபின் அப்பா வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். அப்பாவுக்கு 78. பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊருக்கு இன்றைக்கும் ‘சார்’. எண்பது சென்ட் ரப்பர் விளை (தோட்டம்) இருக்கிறது, சம்பளத்தில் சேர்த்து அவரே வாங்கியது. வேலையில் இருந்த காலம் முழுக்க விடியுமுன் ரப்பர் பால் வெட்டிவிட்டு, குளித்து, வேட்டி மாற்றிப் பள்ளிக்கூடம் போன மனிதர். இரண்டு வருடத்துக்கு முன் திருவனந்தபுரத்தில் காட்டியபோது டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்றார்கள். இப்போது மகளைச் சில நேரம் தன் அக்கா என்று நினைத்துப் பேசுகிறார். மூன்று வாரத்துக்கு முன் ஒருநாள் விடியக்காலம் மூன்றரை மணிக்குப் பால் வெட்டும் கத்தியோடு இறங்கிப் போய், மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்பில் நின்றிருக்கிறார். பால் வண்டிக்காரர் அடையாளம் கண்டு கூட்டி வந்திருக்கிறார். அதற்குப் பிறகு இராத்திரி அவர் கையைப் பழைய வேட்டியால் கட்டிலோடு கட்டிப் போடுகிறார் இந்த மகள். ‘கட்டிட்டு நான் அழுவேன்’ என்று எழுதியிருக்கிறார்.

அண்ணன் கல்ஃபில். அடுத்த மாதம் லீவில் வருகிறார். ‘காலையில தெளிவாத்தான இருக்காரு, அந்த நேரமாப் பாத்து ரெஜிஸ்தர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போய் எம்பேர்ல ஒரு பவர் வாங்கிருவோம். விளையை வித்து, அப்பாவ நல்ல ஹோமாப் பாத்து சேத்துருவோம். ஒனக்குத்தான் சீதனம் தந்தாச்சுல்லா, இருந்தாலும் ஏதாவது தருவோம்’ என்பது அவர் திட்டம். நாகர்கோவிலில் இருக்கும் தம்பி எதற்கும் வாய் திறப்பதில்லை. போதாததற்கு, அப்பாவின் பென்ஷனை ஏடிஎம் கார்டில் எடுத்துச் செலவழிப்பதற்கு அண்ணன் கணக்குக் கேட்டிருக்கிறார். சகோதரி கேட்பது: பவர் (தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) எழுதலாமா, எழுதினால் செல்லுமா, நான் செய்வது குற்றமா, எனக்கு ஏதாவது உரிமை உண்டா.

சகோதரி,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அண்ணன் என்ன சொன்னார், தம்பி மனைவி என்ன சொன்னார், ‘சாருக்கு அறளை பேர்ந்துட்டு’ (வயதாகிப் புத்தி தடுமாறிவிட்டது) என்று பக்கத்து வீட்டார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் விவரமாக இருக்கிறது. அப்பா இதைப் பற்றி என்ன சொன்னார் என்பது மட்டும் இல்லை. அவர் வருகிற ஒரே இடம், சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டைகளைத் துணியால் துடைத்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குவார், யாராவது எடுத்தால் கோபப்படுவார் என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிதான். குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த மாதிரி விஷயமாக என்னிடம் வருகிற குடும்பங்கள் பெரும்பாலும் அப்படித்தான், சொத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், சொத்துக்காரர் ஹாலில் உட்கார்ந்திருப்பார். ஆனால் நீங்கள் கேட்ட எல்லாக் கேள்விக்கும் பதில் அவரிடம்தான் தொடங்குகிறது.

‘டாக்டரே எழுதிட்டார், இனி அப்பா கையெழுத்து செல்லாது’

இது நீங்கள் நினைப்பது. ‘காலையில் தெளிவா இருக்கார், அதனால் செல்லும்’ என்பது அண்ணன் நினைப்பது. இரண்டுமே பாதிதான் சரி.

2017-ஆம் ஆண்டு மனநல பராமரிப்புச் சட்டம் மனநோய்க்குத் தரும் விளக்கத்தில் நினைவாற்றலும், இடம் காலம் அறியும் திறனும் கடுமையாகக் கெடுவதும் அடங்கும். அதனால் டிமென்ஷியா அதற்குள் வருகிறது. ‘அய்யோ, அப்பாவுக்கு மனநோயா’ என்று பயப்படாதீர்கள், அப்படி வருவது அவருக்குப் பாதுகாப்பு. ஏனென்றால் அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவு, ஒருவருக்கு நோய் இருக்கிறது என்று தீர்மானித்ததாலேயே அவர் சித்த சுவாதீனம் (மனத்தெளிவு) இல்லாதவர் ஆகிவிட மாட்டார், அதைத் தகுந்த நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும் என்கிறது. ஆக டாக்டர் சீட்டு ஒன்றால் மட்டும் உங்கள் அப்பா சட்டத்தின் கண்ணில் இல்லாமல் போய்விடவில்லை. சிகிச்சை விஷயத்தில் அவர் புரிந்துகொண்டு முடிவெடுக்க முடிகிறவரை முடிவு அவருடையது. முடியாதபோது தன் சார்பில் பேச யாரை நம்புகிறார் என்பதை, வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வைத்து அவரே சொல்லலாம். அப்படி ஒருவரை அவர் சொல்லாவிட்டால், கூட இருக்கும் உறவினர் என்ற முறையில் சிகிச்சைக்காக அந்த இடத்தில் நீங்கள் நிற்க முடியும்.

சொத்து விஷயம் வேறு. அங்கே 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் வருகிறது. ஒப்பந்தம் செய்கிற அந்த நேரத்தில் அவர் அதைப் புரிந்துகொண்டு, அது தனக்கு நன்மையா தீமையா என்று யோசித்து முடிவெடுக்கக் கூடியவராக இருக்க வேண்டும். பெரும்பாலும் தெளிவில்லாமல் இருப்பவர்கூட இடையில் தெளிந்திருக்கும் நேரத்தில் ஒப்பந்தம் செய்யலாம் என்று 12-ஆம் பிரிவு சொல்வது உண்மை. அண்ணனுக்கு யாரோ இதை அரைகுறையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தெளிவு என்றால் என்ன? காலையில் தன் பெயரைச் சொல்வது, பேப்பரில் தலைப்பு வாசிப்பது, ‘சாயாவுக்குச் சீனி வேண்டாம்’ என்பது இதெல்லாம் இந்தக் கேள்விக்குப் போதாது. ‘எண்பது சென்ட் விளையை விற்கும் அதிகாரத்தை மூத்த மகனுக்குக் கொடுக்கிறேன், அவன் விற்றால் விளை போய்விடும், பணம் அவன் கையில் வரும்’ என்பது அவருக்கு விளங்க வேண்டும். மகளை அக்கா என்று கூப்பிடுகிறவருக்கு அது விளங்கியது என்று நாளைக்கு ஒரு நீதிபதி முன்னால் நிரூபிக்கப் போவது யார்? இரண்டு வருடத்துக்கு முந்தைய மருத்துவச் சீட்டு இருக்கும்போது? சார்பதிவாளரும், வந்திருப்பவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று தோன்றினால் பதிவு செய்ய மறுக்க வேண்டும், பதிவுச் சட்டம் 35-ஆம் பிரிவு. ஆனால் நெரிசலான ஒரு முற்பகலில், தலையாட்டச் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்த பெரியவரை அவர் எவ்வளவு நேரம் பார்ப்பார் என்பது உங்களுக்கே தெரியும். பதிவானதாலேயே பத்திரம் நிலைத்துவிடாது என்பதைத்தான் அண்ணனுக்குச் சொல்ல வேண்டும்.

பவர் எழுதியே வாங்கினால்?

சரி, இன்றைக்கு அவர் தெளிவாகவே இருந்து, வீடியோ எடுத்து, டாக்டர் சான்று வைத்து, ஒழுங்காகவே பவர் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் கழித்து அண்ணன் விளையை விற்கிறார். அப்போதும் சிக்கல்தான். பவர் கொடுத்தவரின் மனத்தெளிவு போய்விட்டால் பவரும் போய்விடும், ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவு. அவர் இறந்தால் எப்படி முடியுமோ அப்படியே இதற்கும். பிறகு நினைவு தப்பினாலும் தொடரும் பவர் என்று ஒன்று சில வெளிநாடுகளில் உண்டு, கல்ஃபில் கூட வேலை பார்க்கும் யாராவது அதைச் சொல்லியிருக்கலாம். நம் நாட்டில் அப்படி ஒன்று கிடையாது. ஆக, எந்தக் காரணத்துக்காகப் பவர் தேடுகிறீர்களோ அதே காரணம் அதை முறித்துவிடுகிறது. வாங்குகிறவர் விவரமானவராக இருந்தால் வாங்கவே மாட்டார். விவரமில்லாதவராக இருந்தால் இன்னும் மோசம், நாளைக்கு அவருக்கும் உங்கள் மூன்று பேருக்குமாக வழக்கு ஓடும், முன்பணம் வாங்கிய அண்ணன் அடுத்த லீவுக்குக்கூட நிம்மதியாக ஊருக்கு வர முடியாது. இதை அவரிடம் சண்டையாகச் சொல்லாமல் அவருடைய நஷ்டமாகச் சொல்லிப் பாருங்கள், காது கொடுப்பார்.

அப்படியானால் விற்கவே முடியாதா? முடியும், வழி நீளம். 1987-ஆம் ஆண்டின் பழைய மனநலச் சட்டத்தில் சொத்துக்குக் காப்பாளர் நியமிக்க வழி இருந்தது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அதை ரத்து செய்தபோது அந்த இடத்தில் வேறொன்றும் வைக்கவில்லை. (சட்டம் எழுதியவர்கள் வீட்டில் யாருக்கும் மறதி வரவில்லை போலிருக்கிறது.) அந்த ஓட்டையை உயர்நீதிமன்றங்கள்தான் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவை வைத்து அடைத்து வருகின்றன. கோமாவில் கிடக்கும் கணவரின் சொத்துக்கு மனைவியைக் காப்பாளராக்கிய உத்தரவுகள் கேரளத்திலும் இங்கேயும் உண்டு. நமக்கு அது சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. பிள்ளைகள் மூன்று பேரும் மனுவில் இருக்க வேண்டும், மருத்துவக் குழு பார்க்கும், விற்பது எதற்கு என்று கேட்பார்கள், விற்ற பணத்துக்குக் கணக்குக் கேட்பார்கள். ‘மூணாப் பிரிச்சுக்கறதுக்கு’ என்றோ ‘ரெண்டாப் பிரிச்சுக்கறதுக்கு’ என்றோ சொன்னால் மனு அங்கேயே நின்றுவிடும். அப்பாவின் சிகிச்சைக்கும் பராமரிப்புக்கும் என்றால்தான் நகரும். இன்னொரு வழி, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்கீழ் குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டுமான காப்பாளர். அதற்கு மாற்றுத்திறனாளி சான்று வேண்டும். அந்தக் காப்பாளர் அப்பாவைக் கலந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும், அவருக்குப் பதிலாக அல்ல. நிலம் விற்பது போன்ற பெரிய காரியத்துக்கு மதுரை உத்தரவுதான் உறுதி.

அதற்கு முன் ஒரு சாதாரணக் கேள்வி. விளையை இப்போது ஏன் விற்க வேண்டும்? வெட்டுக்கு ஆள் விட்டு, ரப்பர் ஷீட்டோ ஒட்டுப்பாலோ விற்று வருகிற காசு, பென்ஷன் இரண்டையும் சேர்த்தால் ஒரு ஹோம் நர்ஸ் வைக்க முடியுமா என்று யாராவது கூட்டிப் பார்த்தீர்களா? கடிதத்தில் அந்தக் கணக்கைக் காணோம்.

ஏடிஎம் கார்டும் ஒரு நோட்டும்

அப்பா பணத்தை அப்பாவுக்குச் செலவழிக்கக் கூச்சப்படாதீர்கள். அது அவர் முப்பது வருடம் சாக்பீஸ் பிடித்துச் சம்பாதித்தது, அவருடைய சோற்றுக்கும் மருந்துக்கும் டயப்பருக்கும் போவதற்குத்தான் இருக்கிறது. தவறு செலவில் இல்லை, முறையில் இருக்கிறது. அவர் கார்டையும் ரகசிய எண்ணையும் நீங்கள் பயன்படுத்துவதை வங்கி விதி ஏற்காது. நாளைக்கு அண்ணன் புகார் கொடுத்தால் உங்கள் பக்கம் பேச ஏதாவது இருக்க வேண்டும். இன்றைக்கே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, எடுத்த தொகை, செலவு, பில் இருந்தால் பின்னால் ஒட்டுங்கள். மாதம் முடிந்ததும் அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அண்ணன் தம்பி இருவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், கேட்காமலேயே. கணக்குக் கேட்கிறவர்களின் வாயை அடைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

வங்கி விஷயத்தில் இன்னொரு குழப்பம். படுத்த படுக்கையாக இருப்பவரிடம் இரண்டு சாட்சி, அதில் ஒருவர் வங்கி ஊழியர், முன்னிலையில் கைரேகை வாங்கிப் பணம் தரலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பது உடம்பு முடியாதவர்களுக்கு. மனசுக்கு விளங்காதவருக்கு அது பொருந்தாது. மேனேஜரிடம் உண்மையைச் சொல்லுங்கள். 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை செய்ய வேண்டும் என்று 2017-லேயே உத்தரவு உண்டு, அவரே ஒருநாள் ஆளை அனுப்பிப் பார்க்கட்டும். வருடாந்திர வாழ்நாள் சான்றையும் தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுப்பார், அதற்காக அப்பாவை ஆட்டோவில் ஏற்றி இறக்க வேண்டாம்.

அந்த வேட்டி

கடைசிக்குத் தள்ளி, அரை வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் அவசரம்.

சங்கிலியால் கட்டுவதை மனநல பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் தடை செய்கிறது. வீட்டில் ஒருவரைக் கட்டிப்போடுவது, பூட்டி வைப்பது குற்றவியல் சட்டத்திலும் தடுத்து வைத்த குற்றமாகக் கேள்விக்கு வரலாம். உங்களை யாரும் ஜெயிலுக்கு அனுப்பப் போவதில்லை, தூக்கமில்லாமல் மூன்று வாரமாகத் தனியாகக் கிடந்து அல்லாடுகிறவர் நீங்கள் என்பது படிக்கும் யாருக்கும் புரியும். ஆனால் நிறுத்த வேண்டும். கட்டோடு அவர் இருட்டில் எழுந்து விழுந்தால் இடுப்பு எலும்பு போகும், அப்புறம் படுக்கைதான். அண்ணன் கையில் நீங்களே ஒரு ஆயுதத்தைக் கொடுப்பதும் ஆகும்.

மாற்று என்ன? முதலில், இந்த இரவு நடமாட்டம் ‘மூணு வாரமாத்தான்’ என்கிறீர்கள். நான் வக்கீல், டாக்டர் அல்ல. ஆனாலும் இதைப் பல வீட்டில் பார்த்துவிட்டேன்: டிமென்ஷியா மெதுவாக இறங்கும், சில நாளில் திடீரென்று கூடினால் பின்னால் வேறு ஏதோ இருக்கும். மூத்திரத்தில் கிருமி, மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மாத்திரை, எங்கோ விழுந்து தலையில் பட்டது, இப்படி. ‘வியாதி முத்திட்டு’ என்று விட்டுவிடாமல் இந்த வாரமே காட்டுங்கள். திருவனந்தபுரம் போக முடியாவிட்டால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பி12, தைராய்டு பார்த்தார்களா என்றும் கேளுங்கள். மெடிக்கல் ஸ்டோரில் சொல்லித் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அடக்கி வைக்கும் சில மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்குப் பக்கவாத ஆபத்தையே கூட்டும், டாக்டர் எடைபோட்டுத்தான் தருவார்.

அடுத்தது, அவர் எங்கே போகப் பார்க்கிறார் என்று யோசியுங்கள். மூன்றரை மணிக்குக் கத்தியோடு கிளம்பினவர் ஓடிப்போகவில்லை, வெட்டுக்குப் போகிறார். நாற்பது வருடப் பழக்கம். கத்தியை வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். கதவு மேல்பகுதியில், கண் போகாத உயரத்தில் ஒரு கொண்டி, கதவில் ஒரு மணி. கக்கூஸ் வரை ஒரு சின்ன லைட். சட்டைப் பையில் பெயரும் உங்கள் போன் நம்பரும் எழுதிய அட்டை. பஸ் ஸ்டாப் கடைக்காரர், பால் வண்டிக்காரர், ஆட்டோக்காரர்கள் எல்லோரிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள், மறைக்காதீர்கள், ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள்தானே. அதிகாலையில் முழித்தால் சண்டை போடாமல், கட்டன்சாயா ஒன்று போட்டுக் கொடுத்து அந்தச் சிரட்டைகளைத் திண்ணையில் வைத்துப் பாருங்கள். அவற்றை யாரும் ஒளித்து வைக்க வேண்டாம்.

உங்களுக்கும் தூக்கம் வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சனி, ஞாயிறு தம்பி வந்து இரவு இருக்க வேண்டும் என்று கேளுங்கள். வாய் திறக்காதவர்தான், ஆனால் நாகர்கோவில் ஒன்றும் கல்ஃப் இல்லை. மனசு விட்டுப் பேச 14416, முதியோர் உதவிக்கு 14567, இரண்டுக்கும் காசு கிடையாது.

சீதனம், பங்கு, ஹோம்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இன்றைக்கு இதில் முடிவெடுக்க ஒன்றுமில்லை. அப்பா உயிரோடு இருக்கும்வரை விளை அவருடையது. அவரே வாங்கியது, உங்கள் மூன்று பேரில் யாருக்கும் இன்றைக்கு அதில் பங்கு இல்லை. அவருக்குப் பின், உயில் இல்லாவிட்டால், மூன்று பேருக்கும் சமம். கிறிஸ்தவக் குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். ‘சீதனம் வாங்கியவளுக்குப் பங்கில்லை’ என்பது நாம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்து 1916-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாடை. மகனுக்குக் கிடைப்பதில் கால் பங்கு அல்லது ஐயாயிரம் ரூபாய், எது குறைவோ அது மகளுக்கு, அதுவும் சீதனமாகத் தந்துவிட்டால் தீர்ந்தது என்பது அதன் பொது விதி. 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே அது செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று சொல்லிவிட்டது. நாற்பது வருடம் ஆகிறது, நம் பக்கத்துக் கல்யாண வீடுகளுக்குச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

ஆனால் நீங்களும் ஒன்றை விட வேண்டும். ‘நான்தான் பார்க்கிறேன், வீட்டை எனக்கு எழுதி வாங்கலாமா’ என்று கடைசிப் பக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். அண்ணனுக்குச் சொன்ன பதில்தான் உங்களுக்கும். இந்த நிலையில் எழுதி வாங்கும் உயிலோ செட்டில்மென்டோ யார் பெயரில் இருந்தாலும் அதே கேள்விக்கு நின்றாக வேண்டும். பார்த்துக்கொள்வதற்குச் சம்பளமாகப் பங்கு தரும் சட்டமும் இல்லை. 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தில் பத்மநாபபுரம் கோட்டத் தீர்ப்பாயத்தில் மனு போட்டுப் பிள்ளைகளிடம் மாதம் பத்தாயிரம் வரை ஜீவனாம்சம் கேட்கலாம்தான், ஆனால் அது தன் வருமானத்திலும் சொத்திலும் வாழ முடியாத பெற்றோருக்கு. பென்ஷனும் விளையும் உள்ளவருக்கு அது பலமான மனுவாக இருக்காது. யாராவது அவரைக் கைவிட்டுவிட்டுப் போனால் அதே சட்டத்தில் மூன்று மாதம்வரை சிறைகூட உண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோம் என்றாலே பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல இடமும் உண்டு. ஆனால் பார்க்கப் போனால் மத்தியானம் போகாதீர்கள், எல்லா இடமும் மத்தியானம் நன்றாக இருக்கும். பொழுது சாயும் நேரத்தில், டிமென்ஷியா உள்ளவர்களுக்குப் பதற்றம் கூடும் அந்த நேரத்தில், சொல்லாமல் போங்கள். எத்தனை பேருக்கு எத்தனை ஆள், இரவில் யார், கட்டிப் போடுவார்களா என்று கேளுங்கள்.

அண்ணன் ஊருக்கு வந்ததும் மூன்று பேருமாக நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வாருங்கள். பெண் என்பதால் உங்களுக்கு வருமானக் கணக்கில்லாமல் இலவச உதவி உண்டு, 15100-இல் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். திருவனந்தபுரம் சீட்டுகள், விளையின் பத்திரம், அந்த நோட்டு மூன்றும் கையில் இருக்கட்டும். முடிந்தால் அப்பாவையும் கூட்டி வாருங்கள், பதினொரு மணிக்குள், அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில். கையெழுத்துக்கு அல்ல. விளையை என்ன செய்ய ஆசை என்று யாராவது அவரிடம் ஒரு தடவை கேட்க வேண்டும்.